சறுக்கலின் மறுபாதி

பழனி மலையில் எந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்தாலும் ஜீப் கவிழ்ந்த கதை ஒன்று காதில் விழும். தாண்டிக்குடி, பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர், இன்னும் மேலே பூம்பாறை, மன்னவனூர் என்று ஊருக்கு ஊர் ஆட்கள் மாறுவார்கள், வளைவுகள் மாறும், கதையின் போக்கு மாறாது. எவ்வளவு லோடு, எந்த இடத்தில் சக்கரம் சறுக்கியது, எந்த ஸ்பிரிங் பட்டை முறிந்தது, யார் குதித்தார்கள், எந்த ஊர் வண்டி வந்து கயிறு கட்டி இழுத்தது. வண்டி மேட்டுக்கு வந்ததும் கதை முடிந்துவிடும்.

இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். இவற்றில் பொய் குறைவு, படிப்பினை அதிகம். இருந்தும் இவை பாதியில் நின்றுவிடுகின்றன என்ற எண்ணம் எனக்குள் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. வண்டிக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறோம். வண்டி சறுக்கிய மண்ணுக்கு என்ன ஆயிற்று என்று சொல்வதில்லை. முறிந்த பட்டையை வத்தலக்குண்டுக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ கொண்டுபோய் மாற்றிக்கொள்ளலாம். கிழிந்த சரிவை எந்தப் பட்டறைக்கும் கொண்டுபோக முடியாது. உயர்த்திக் கட்டிய பழைய பிக்கப் வண்டிகளும் அவை மாட்டிக்கொள்ளும் மண்பாதைகளும் எனக்குக் கற்றுக்கொடுத்ததை இந்த இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்துத்தான் சொல்ல முடியும்.

*

பழனி மலைக்குச் சக்கரம் வந்து அதிக காலமாகவில்லை. 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் குடியேறியபோது, பெரியகுளம் பக்கத்திலிருந்து நடந்தோ குதிரையிலோ ஆட்கள் சுமந்த நாற்காலியிலோதான் மேலே வந்தார்கள். 1875-ல் ரயில் அம்மையநாயக்கனூர் வழியாக மதுரைக்குப் போனது. அந்த நிலையம்தான் இன்றைய கொடை ரோடு. ரயிலிலிருந்து இறங்கியவர்கள் அடிவாரம் வரை மாட்டுவண்டியில் போனார்கள். அதற்கு மேல் மனிதத் தோள்தான். வெள்ளகவி வழியாகச் செங்குத்தாக ஏறும் அந்தப் பழைய பாதைக்கு ‘கூலி காட்’ என்றே பெயர். வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து ஏறும் லாஸ் காட் சாலை மோட்டார் வண்டிகளுக்குத் தயாரானதெல்லாம் இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான். அதன் பிறகும் வெள்ளகவி போன்ற ஊர்களுக்கு நெடுங்காலம் அரிசியும் உப்பும் குதிரை முதுகில்தான் போயின.

பெரிய சாலையை விட்டு விலகிய ஊர்களுக்குச் சக்கரத்தைக் கொண்டுபோனது ஜீப். இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் செய்யப்பட்ட அந்த வண்டி, போர் முடிந்ததும் உலகமெங்கும் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் போய்ச் சேர்ந்தது. இந்தியாவில் மஹிந்திரா நிறுவனம் 1949-ல் வில்லிஸ் ஜீப்பை இங்கேயே பூட்டத் தொடங்கியது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 80 அங்குலம், இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே சுமார் 49 அங்குலம். குதிரைப் பாதையைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் போதும், வண்டி நுழைந்துவிடும். பிற்பாடு டீசல் எஞ்சின் வந்தது, உடம்பு நீண்டது, பின்பக்கத்தை வெட்டிப் பலகைத் தளம் போட்டார்கள். ஜீப் பிக்கப் ஆயிற்று. மலைக்காரர்களுக்கு அது இன்றைக்கும் ஜீப்தான்.

இந்த வண்டி இறக்கிக் கொண்டுவரும் சரக்கைப் பட்டியலிட்டால் மலையின் பொருளாதாரமே அதில் இருக்கும். காபி, மிளகு, ஏலம், ஆரஞ்சு, சௌசௌ, அவரை, மலைவாழை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு உரிய பழம் விருப்பாச்சி மலைவாழை. அதன் தார்கள் குதிரையின் முதுகிலும் ஜீப்பின் பலகைத் தளத்திலுமாகத்தான் காடு விட்டு இறங்குகின்றன. சன்னிதியில் கையேந்தி வாங்குகிற அந்தத் துளிப் பிரசாதத்துக்குப் பின்னால், யாரோ ஒருவர் இரண்டாவது கியரில் மெல்ல இறக்கிய ஒரு சரிவு இருக்கிறது.

*

வண்டியை ஏன் உயர்த்துகிறார்கள்? மலையில் இதற்கு இரண்டு காரணங்கள். லோடு ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், உட்காராமல் இருக்கக் கூடுதல் பட்டை போட வேண்டும். பாதையின் நடுவில் புடைத்து நிற்கும் கல் வயிற்றில் தட்டும், தட்டாமல் இருக்க உயரம் வேண்டும். பட்டறையில் பட்டைக் கட்டைக் கழற்றி இன்னும் ஒன்றிரண்டு பட்டைகளைச் சேர்ப்பார்கள். பட்டையைத் தாங்கும் ஷாக்கிளை நீளமானதாக மாட்டுவார்கள். பெரிய டயர் போடுவார்கள். வண்டி எழுந்து நிற்கும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் பாதை சின்னதாகத் தெரியும்.

இதில் எது உயர்ந்தது, எது உயரவில்லை என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. பட்டை சேர்த்தால் வண்டியின் உடம்புதான் உயரும். அச்சும் அதன் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டையும் இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லில் முதலில் இடிப்பது அந்த உருண்டைதான். அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி. பெரிய டயரைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் விசை வேண்டும். அந்தச் சுமை ஆக்சில் தண்டிலும் பிரேக்கிலும் போய் விழும். உடம்பு உயர்ந்ததால் பிராபெல்லர் ஷாஃப்ட் சாய்ந்து ஓடும், அதன் மூட்டிலுள்ள கிராஸ் சீக்கிரம் தேயும். பிரேக் குழாய் இழுபட்டு நிற்கும். ஸ்டியரிங் தண்டின் கோணம் மாறி, பள்ளத்தில் விழுந்தெழும்போது வண்டி தானாகவே ஒரு பக்கம் இழுக்கும். ஓரிடத்தில் வாங்கிய உயரத்துக்கு நாலு இடத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய விலை சாய்வில் தெரியும். பழைய ஜீப்பின் இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் சுமார் 124 சென்டிமீட்டர், அதில் பாதி 62. வண்டியின் எடை முழுவதும் திரண்டு நிற்பதாகக் கொள்ளும் ஈர்ப்பு மையமும் தரையிலிருந்து 62 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குப்படி அந்த வண்டி 45 பாகை சாய்வு வரை தாங்கும். மையம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால் தாங்கும் சாய்வு 41 பாகைக்கு இறங்கிவிடும். அதன்மேல் மூட்டைகளை அடுக்கி மையத்தை 90 சென்டிமீட்டருக்குக் கொண்டுபோனால் 35-க்கும் கீழே போய்விடும். இதெல்லாம் அசையாமல் நிற்கும் வண்டிக்கான கணக்கு. ஓடும் வண்டியில் பட்டைகள் ஒருபுறம் அமுங்கும், டயர் நசுங்கும், சரக்கு நகரும், கீழ்ப்பக்கச் சக்கரம் திடீரென்று ஒரு குழியில் இறங்கும். அதனால் உண்மையில் கவிழும் சாய்வு இதைவிட மிகக் குறைவு. கவிழும் வண்டியின் ஓட்டுநருக்கு மேலே இருப்பது பெரும்பாலும் ஒரு கித்தான் கூரை மட்டும்தான்.

கூட்டிய பட்டைகளால் இன்னொரு கெடுதலும் உண்டு. லோடு ஏற்றிய வண்டிக்கு அந்த விறைப்பு வேண்டும். காலி வண்டியில் அதே பட்டைகள் வளைய மறுக்கும். மேடு பள்ளத்தில் சக்கரம் தரையைத் தொடர்ந்து போகாமல் அந்தரத்தில் தொங்கும். தொங்கும் சக்கரம் சும்மா சுழலும், தரையில் இருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். சாதாரண டிஃபரன்ஷியலின் இயல்பு அது: தடையில்லாத பக்கத்துக்கே சுழற்சியைக் கொடுத்துவிடும். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இவ்வளவு பெரிய வண்டி இந்தச் சின்னக் குழியில் ஏன் நிற்கிறது என்று வியப்பாக இருக்கும்.

*

ஒரு கார்த்திகை மாதம். வடகிழக்குப் பருவமழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கே.சி.பட்டிக்கு அப்பால் ஒரு காபித் தோட்டத்துக்குப் போகும் மண்பாதையில் இப்படித்தான் ஒரு பழைய பிக்கப் மாட்டிக்கொண்டது. பின்னால் உர மூட்டைகள் சிலவும் தோட்டத்துக்குப் போகும் ஆட்களும் நானும். பாதையைக் குறுக்கே அரித்திருந்த ஓடையில் இடது முன் சக்கரமும் வலது பின் சக்கரமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இறங்க, அந்த இரண்டு சக்கரங்களும் பிடிப்பில்லாமல் சுழன்றன. செம்மண் குழம்பு பின்னால் நின்ற சில்வர் ஓக் மரத்தில் போய் அப்பியது.

டிரைவர் அண்ணன் உடனே காலை எடுத்துவிட்டார். ஆட்களில் ஒருவர், “கொஞ்சம் மிதிச்சுப் பாருங்கண்ணே, ஏறிரும்” என்றார்.

“மிதிச்சா குழிதாம்ப்பா தோண்டும். எல்லாரும் எறங்குங்க.”

எஞ்சினை நிறுத்தினார். ஒரு சிறுவன் முன்னதாகவே குதித்துக் கீழ்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை வைத்திருந்தான். அண்ணன் சேற்றில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு சக்கரமாகக் கையால் அடியில் துழாவிப் பார்த்தார். காலில் ஏறிய அட்டையை அவர் கவனிக்கவே இல்லை. சீட்டுக்கு அடியிலிருந்து இரும்புச் சங்கிலியை எடுத்துப் பின் சக்கரங்களில் சுற்றினார்கள். தொங்கிய சக்கரத்துக்குக் கீழே கல்லைச் சொருகினார்கள். இரண்டு ஆட்களை வலது பின் மூலையில் ஏறி நிற்கச் சொன்னார். தொங்கும் சக்கரத்தின் மேல் எடை வந்தால் அது தரையைப் பிடிக்கும். டிஃபரன்ஷியலின் பாடம் முழுவதும் அந்த ஒரு உத்தரவில் இருந்தது. பிறகு ஏறி உட்கார்ந்து, லோ கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் வண்டியை நகர்த்தினார். சங்கிலி கல்லைக் கடித்தது. வண்டி ஏறிவிட்டது.

நான் கேட்ட எந்தக் கதையும் இந்த இடத்தில் முடிந்திருக்கும். அன்று முடியவில்லை. அவர் வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கீழே வந்தார். சக்கரம் கிழித்த இரண்டு தடங்களையும் கல் போட்டு நிரப்பச் சொன்னார். தண்ணீர் பாதையோடு ஓடாமல் பக்கத்துப் புதருக்குள் திரும்பும்படி, கொஞ்சம் மேலே குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டினார். தூறல் வலுத்துக்கொண்டிருந்தது. யாருக்கோ பொறுமை போய், “நேரமாகுதுண்ணே” என்றார்.

“நாளைக்கும் நம்மதான் இந்த வழியா வரணும். இப்படியே விட்டுட்டுப் போனா ராத்திரி மழையில ஓடையாயிரும்.”

வண்டியை வெளியே எடுத்ததைவிட அந்த வேலைக்கு அதிக நேரம் பிடித்தது. யாரும் அவரைப் பாராட்டவில்லை. பாராட்ட வேண்டிய விஷயம் என்று அங்கே யாருக்கும் தோன்றவுமில்லை. மண்பாதையில் பிழைப்பு நடத்துபவர்களுக்கு வண்டியை எடுப்பதும் தடத்தை மூடுவதும் ஒரே வேலையின் இரு பகுதிகள். சறுக்கலின் மறுபாதி என்று நான் சொல்வதை அவர்கள் கையால் செய்து முடித்துவிடுகிறார்கள்.

*

ஏற்றத்தில் வண்டி நின்றுபோவதைப் பார்த்துப் பயப்படுபவர்கள், உண்மையில் பயப்பட வேண்டியது இறக்கத்துக்குத்தான். 2,000 கிலோ எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. தாண்டிக்குடியிலிருந்து பெரும்பாறை, சித்தரேவு வழியாகச் சமவெளிக்கு இறங்குகிற ஒவ்வொரு வண்டியும் இந்த வெப்பத்தை எங்காவது கொட்டியாக வேண்டும். எஞ்சின் அதை வாங்கிக்கொள்ளவில்லை என்றால் பிரேக் டிரம்தான் வாங்கும். டிரம் சூடேறி விரியும், லைனிங் பிடிப்பை இழக்கும், தீய்ந்த வாடை வரும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தர நிர்ணயம். ஈரம் ஏறிய பிறகு அதற்கான வரம்பு 140 டிகிரிதான். கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழ் உண்டானால் மிதி தரை வரை இறங்கும், வண்டி நிற்காது.

“ஏறுன கியர்ல எறங்கு” என்று மலை டிரைவர்கள் சொல்வது இதனால்தான். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுபவர்களை அவர்கள் அருகில் சேர்ப்பதில்லை. ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் வண்டியைத் திருப்பப் பார்க்கக் கூடாது, நேர்கோட்டில் ரிவர்ஸ் கியரிலேயே பின்னால் இறங்க வேண்டும் என்பதும் அவர்களின் சட்டம். சரிவில் வண்டியைக் குறுக்கே திருப்பிய கணத்தில், முன்னே சொன்ன சாய்வுக் கணக்கு நம் தலைக்கு மேல் வந்து நிற்கும். இவற்றில் எதுவும் புத்தகத்தில் படித்து வந்த அறிவில்லை. முன்னே போன வண்டிகளின் சறுக்கல்களிலிருந்து வந்தது. ஒருவரின் விபத்து இன்னொருவரின் விதியாக மாறும் அளவுக்கு இந்த ஊர்களில் மனிதர்கள் ஒருவரையொருவர் கவனித்து வாழ்ந்திருக்கிறார்கள்.

மலையும் தன் பங்குக்கு எஞ்சினின் பலத்தைக் குறைத்துவிடும். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சின் அந்தக் காற்றை இழுத்துக்கொண்டு, அதே அளவு டீசலை எரிக்கப் பார்த்துக் கரும்புகை கக்கும். கீழே தயங்காமல் ஏறிய வண்டி மேலே திணறுவது வண்டியின் கோளாறில்லை. காற்றே குறைவு.

*

கடந்த சில ஆண்டுகளில் மலைக்கு வேறொரு வகை உயர்ந்த வண்டி வருகிறது. லோடுக்காக உயர்த்தியதில்லை அது. தோற்றத்துக்காகவும் சாகசத்துக்காகவும் உயர்த்தியது. கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறார்கள். பழைய ஜீப்பை வாங்கி மாதக்கணக்கில் உழைத்து உயிர் கொடுத்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். நாற்பது வருட எஞ்சினைத் தன் கையால் பிரித்துப் பூட்டுவது, முதல் உதையில் அது உயிர் பெறுவதைக் கேட்பது, ஆளில்லாத பாதையில் லோ கியரில் ஊர்ந்து போவது, இவை உண்மையான சந்தோஷங்கள். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். பழைய பொருளைத் தூக்கி எறியாமல் பேணுகிற மனம் நல்ல மனம்.

சட்டம் இந்த உயர்த்தலைப் பார்க்கும் விதம் கண்டிப்பானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. காட்டுக்கும் சட்டம் உண்டு. 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 600 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த எல்லைக்குள் அனுமதியில்லாமல் வண்டியோடு நுழைவது குற்றம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிறார்கள். மலை எத்தனை சக்கரங்களைத் தாங்கும் என்ற கேள்வி நீதிமன்றம் வரை போய்விட்டது என்பதற்கு அதுவே சான்று.

என் கவலை சட்டத்தையும் தாண்டியது. சறுக்கலைத் தேடிப் போகிறவருக்கும் சறுக்கலைத் தவிர்க்க முயல்பவருக்கும் இடையே ஓர் ஆழமான வேறுபாடு இருக்கிறது. காபித் தோட்டத்து டிரைவர் ஓடையைக் கண்டால் இறங்கிப் பார்ப்பார், முடிந்தால் சுற்றிப் போவார். சாகசத்துக்கு வந்தவர் அதே ஓடையைக் கண்டால் அதில்தான் இறங்க விரும்புவார். முன்னவர் மாட்டிக்கொண்டால் அன்றைய வருமானம் போகும். பின்னவர் மாட்டிக்கொண்டால் அன்றைய பயணத்துக்கு ஒரு கதை கிடைக்கும், படம் கிடைக்கும். இழுவைக் கருவியான வின்ச் இழுக்கும், கைதட்டல் எழும், மாலைக்குள் மலை இறங்கிவிடுவார்கள். அந்தத் தடத்தின் வழியாக அவர்கள் நாளை வரப்போவதில்லை.

*

அந்தத் தடத்துக்கு அதன் பிறகு என்ன நடக்கிறது? மேல் பழனி மலையின் இயற்கை, சோலையும் புல்வெளியும் கலந்தது. மடிப்புகளில் சோலை, மேடுகளில் புல். பெய்கிற மழையைப் புல்லின் வேர்த்தொகுதியும் அதன் கீழுள்ள கறுத்த மண்ணும் பிடித்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சோலை ஓடைகளுக்கு விடுகின்றன. மஞ்சளாறு, மருதாநதி, வரதமாநதி, பாலாறு-பொருந்தலாறு, குதிரையாறு என்று மலையைச் சுற்றியுள்ள அணைகளுக்குத் தண்ணீர் வருவது இந்த மலையிலிருந்துதான். பழனிக்கு வரும் பக்தர் குளிக்கும் சண்முக நதியும் இங்கே பிறந்த ஓடைகள் சேர்ந்ததே.

இரண்டு டன் வண்டி ஈரப் புல்லில் ஒருமுறை ஏறி இறங்கினால் வேர்ப்போர்வை கிழியும், கீழ் மண் இறுகும். இறுகிய மண்ணில் தண்ணீர் இறங்காது, மேலோடு ஓடும். சாகச வண்டிகள் பெரும்பாலும் சரிவுக்கு நேராகவே ஏறுகின்றன, குறுக்காகப் போனால் கவிழும் என்பதால். வண்டிக்குப் பாதுகாப்பான அந்த நேர்கோடுதான் மண்ணுக்கு மிக ஆபத்தானது. தண்ணீருக்கும் கீழே இறங்க அதுவே குறுக்குவழி. முதல் மழையில் தடம் வாய்க்காலாகும், அடுத்த பருவத்தில் ஓடையாகும், பிறகு அதன் கரைகள் சரியத் தொடங்கும். பல நூற்றாண்டுகளில் சேர்ந்த மண் சில மழைக்காலங்களில் கீழே போய்விடும்.

வெற்று மண் வெறுமையாகவே இருப்பதும் இல்லை. மலையில் தைலமரமும் பைனும் வாட்டிலும் நட்டு வளர்க்கப்பட்டவை. அவற்றில் கறுப்பு வாட்டிலின் விதை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும், மண் கிளறப்பட்டால் விழித்துக்கொள்ளும். டயரின் இடுக்கில் ஒட்டிய சேற்றில் பயணமும் போகும். செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வொன்று, 1973-க்கும் 2014-க்கும் இடையே பழனி மலைப் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகக் காட்டியது. அந்தப் பெரும் இழப்புக்குக் காரணம் மரத் தோட்டங்களும் வேளாண்மையும். ஜீப் தடங்களின் மேல் அந்தப் பழியைப் போடுவது நியாயமில்லை. எஞ்சியிருக்கும் மூன்றில் ஒரு பங்கின் மேல்தான் இன்றைய டயர்கள் உருளுகின்றன என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி அந்தப் புல்வெளிச் சரிவுகளில்தான் வேர் பிடித்திருக்கிறது. 2018-ல் அது பூத்ததைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தோம். அடுத்த பூப்புக்கு அந்தச் சரிவுகள் இருந்தாக வேண்டும்.

இந்த அறிவு நமக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் ஒரு டயர் நசுக்கிய மேல்மண் உயிர்ப்படலம் தேறி வரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஜீப் பிறந்த அந்த நாட்டிலேயே, 1985-ல் வனத்துறை வண்டிக்காரர்களிடம் மெல்ல மிதித்துப் போகும்படி கேட்டு ஓர் இயக்கம் தொடங்க வேண்டி வந்தது.

*

சக்கரம் விலகினால் மலை எப்படி இருக்கும் என்பதற்கும் இங்கே ஒரு சாட்சி உண்டு. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரி வழியாக டாப் ஸ்டேஷன் சென்று மூணாறு சேரும் பழைய சாலை. ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அதன் உச்சப் பகுதி 2,400 மீட்டருக்கும் மேல். 1942-ல் ஜப்பானியப் படை வந்துவிடும் என்ற அச்சத்தில், கொடைக்கானலிலிருந்து கொச்சித் துறைமுகத்துக்குத் தப்பிப் போக அதைச் சீர்செய்தார்கள். அந்தப் படை வரவேயில்லை. பிற்காலத்தில் சாலை பராமரிப்பின்றிப் போய், 1990-ல் போக்குவரத்துக்கு மூடப்பட்டது. இன்று பேரிஜம் வரை வனத்துறை அனுமதியோடு போகலாம், அதற்கு அப்பால் பொதுமக்களுக்கு வழியில்லை. அந்தச் சாலையைத் திறக்கக் கேட்பவர்கள் உண்டு. அதில் ஒருமுறை பழைய ஜீப்பை ஓட்டிவிட வேண்டும் என்று கனவு காண்பவர்களும் உண்டு. அந்த ஆசை எனக்குப் புரிகிறது. அது நிறைவேறாமலே இருக்கட்டும் என்றுதான் விரும்புகிறேன். காட்டுமாடுகள் தயக்கமில்லாமல் நடக்கிற ஒரு நெடும்பாதை இந்த மலையில் மிஞ்சியிருப்பது, எந்தப் பயணத்தைவிடவும் பெரிய விஷயம்.

உயர்த்திக் கட்டிய வண்டிகளே மலையில் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையில் மரங்களைச் சாய்த்து, மண்ணைச் சரித்து, சாலைகளை அடைத்துப் போட்டது. அப்படிப்பட்ட நாட்களில் ஒரு பிரசவத்தையோ பாம்புக்கடியையோ கீழே கொண்டுசேர்க்கச் சேற்றைக் கடக்கும் வண்டியும் அதை ஓட்டத் தெரிந்த கையும்தான் வேண்டும். மலையூர்களுக்கு அந்த உயரம் தேவை. தேவைக்காக மலையைத் தொடுபவரின் கையில் அளவு தானாக வந்துவிடுகிறது. விருப்பத்துக்காகத் தொடுபவர் அந்த அளவைக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கற்றுக்கொள்வது கடினமும் இல்லை. இருக்கிற பாதையை விட்டுப் புல்லில் இறங்காமல் இருப்பது. மழை பெய்து மண் ஊறியிருக்கும் நாட்களில் மண்பாதையைத் தொடாமல் இருப்பது. டயரையும் வண்டியின் அடிப்பகுதியையும் மலையேறும் முன் கழுவிக்கொள்வது. மாட்டிக்கொண்டால் ஆக்சிலரேட்டரை மிதிப்பதற்கு முன் இறங்கி, குந்தி உட்கார்ந்து பார்ப்பது. வண்டி வெளியே வந்த பிறகு தடத்தைக் கல்லால் நிரப்பி, தண்ணீரைக் குறுக்கே திருப்பிவிட்டு, அதன் பிறகே கிளம்புவது. நல்ல ஓட்டுநரை அவர் ஏறிய சரிவின் கோணத்தை வைத்து அளக்கும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். அவர் போன பாதையில் அடுத்த மழைக்குப் பிறகும் ஒரு காபி ஜீப் போக முடிகிறதா என்பதே சரியான அளவுகோல். அதை ஒப்புக்கொள்கிறவர்கள் வின்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு மண்வெட்டியையும் கட்டிக்கொண்டு வரட்டும். அதைப் பிடித்து வேலை செய்யத் தேவைப்படும் அரைமணி நேரத்தைப் பயணத்தின் பகுதியாகவே கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.